ஒன்றேமுக்கால் மணி நேர தூரம்

அல்ஜியர்ஸில் நாங்கள் வேலை பார்த்த விமான டிக்கெட் அலுவலகத்தில் பஹீஜாவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று கேட்டால் திரையைப் பார்க்காமலே சொல்வாள். பிறந்தது காசாபிளாங்காவில். எங்கள் ஊர்க்காரர் மௌலூதைக் கட்டிக்கொண்டு வந்து இருபத்திரண்டு வருஷம். பிறந்த வீடு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றேமுக்கால் மணி நேரம். அல்ஜீரியாவும் மொராக்கோவும் முறைத்துக்கொண்டு, எல்லையோடு வானத்தையும் அடைத்த பிறகு, மேற்கே போக வேண்டியவள் கிழக்கே துனிஸுக்குப் போய் விமானம் மாற வேண்டும்.

ஒரு பிப்ரவரி காலையில் அவளுடைய அண்ணன் அல்லால் போன் செய்தார்.

"வாப்பா மௌத்தாயிட்டாங்க. மான்ட்ரியல்லேர்ந்து தம்பி கெளம்பிட்டான். நாளைக்கு மத்தியானம் லுஹர் தொழுகை வரைக்கும் வெச்சிருப்போம். நீயும் அதுக்குள்ள வந்துடு."

"நான் முகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி எடுத்துடாதீங்கண்ணே."

அன்று துனிஸுக்கு இடமே இல்லை. மறுநாள் விடியற்காலை விமானத்தில் நானே பதிவு செய்தேன். பதினொரு மணிக்குக் காசாபிளாங்காவில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் துனிஸில் அடுத்த விமானம் பழுதாகி நாலு மணி நேரம் நின்றது. அங்கிருந்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"சாயந்தரம் அஸர் தொழுகை வரைக்கும் பொறுங்கண்ணே."

"ஒரு நாள் முழுக்க வெச்சாச்சு. கடலைத் தாண்டி ஏழு மணி நேரம் பறந்து வந்தவன் காலையிலயே வந்து நிக்கிறான். பக்கத்துல இருக்கறவ நீ."

"நான் என்ன வேணும்னா பண்றேன்?"

"வர நெனைக்கிறவ போன வாரமே வந்திருப்பா. படுக்கையில கெடக்கிறார்னு சொன்னேன்ல."

போன வாரம் லீவில் இருந்தது நான். என் மகளுக்கு நிச்சயதார்த்தம். என் வேலையையும் சேர்த்து அவள்தான் பார்த்தாள். அதை அவள் அண்ணனிடம் சொல்லவில்லை. என்னிடமும் இதுவரை சொல்லிக் காட்டியதில்லை.

துனிஸிலிருந்து கிளம்பியது துனிசிய விமானம், அதற்குத் தடை இல்லை; அவள் காலையில் புறப்பட்ட அல்ஜியர்ஸுக்கு மேலேயே பறந்தது. எதிரே இருந்த திரையில் ஊரின் பெயர் நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

நாலு மணிக்கு வீடு சேர்ந்தாள். வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தம்பி நூருத்தீனின் கால்சட்டையில் கபர்க் குழியின் மண் ஒட்டியிருந்தது. கூடத்தில் இருந்த பெரியம்மா மகள் குஸ்குஸ் தட்டைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"வாடியம்மா. கனடாதான் கிட்டயாம், அல்ஜியர்ஸ்தான் தூரமாம். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"ஒனக்கு இன்னிக்குத் தெரிஞ்சுது. எனக்கு வானத்தை அடைச்ச அன்னிக்கே தெரியும்" என்றாள் பஹீஜா. யாரும் அவளுக்கு இடம் விட்டு நகரவில்லை.

அடுத்த கோடையில் அல்லால் மகளுக்குக் கல்யாணம். நூருத்தீன் அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் இவர்களுக்குத் தெரிந்தது. மனசு கேட்காமல் மௌலூத் போன் போட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான்."

"சொல்லலாம்தான். அப்புறம் அவ வந்து சேர்ற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை யாரு உக்கார வெக்கிறது?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பஹீஜா போனை வாங்கி அணைத்தாள். நூருத்தீன் எத்தனையோ முறை சமாதானம் பேசிப் பார்த்தார். அண்ணனின் அழைப்பை அவள் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.