எனக்காகப் பதில் சொன்ன அக்கா

புலாவ் செபாங் ரயில் நிலையத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். கையில் துணிப்பை. அக்கா பின்னாலேயே மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டி வந்தார். எனக்கு அப்போது பதினேழு வயது.

"எங்கடா போற?"

"நீ இல்லாத எடத்துக்கு."

"அங்க யாரு சோறு போடுவா? பசிச்சாகூட வாயத் தொறக்க மாட்டியே."

"தொறக்க விட்டியா?"

அக்கா வண்டியை நிறுத்திவிட்டார்.

பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அக்கா. அம்மா இறந்தபோது அவருக்குப் பதினைந்து, எனக்கு ஐந்து. பள்ளியை விட்டுச் செங் என்ற ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போனார். என்னை ஒரு நாளும் பட்டினி போட்டதில்லை. இடைநிலைப் பள்ளியில் என் மலாய்ப் பேச்சைக் கேட்டுப் பையன்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து, ஆசிரியர் கேட்டாலும் கிளினிக்கில் கேட்டாலும், அக்காதான் "அவனுக்குத் தெரியாது, என்னக் கேளுங்க" என்பார். நானும் அதை நம்பிவிட்டேன். யாராவது பெயர் கேட்டாலே பயந்து அக்காவைப் பார்ப்பேன்.

அன்று காலை கோயிலில் அர்ச்சனைக்குப் பூசாரி என் பெயர் கேட்டார். அக்காவே சொன்னார். வரிசையில் நின்ற ஒரு பெண், "பேரு சொல்லவும் அக்காவா? தாலியும் அவங்கதான் கட்டுவாங்க லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதனால்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

பின்னால் வந்த ஆண்டுகளில் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. அந்தப் பயம் எல்லா இடத்துக்கும் கூடவே வந்தது. அக்கா இறப்பதற்கு முன் மூன்று மாதம் புக்கிட் காத்தில் என்ற ஊரில் வீட்டில் நோயோடு படுத்திருந்தார். நான் உடனிருந்தது இருபது நாள்தான். மற்ற நாட்களில் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள்கொடுத்துத் தூக்கிச் சென்ற தொழிற்சாலை நண்பர்களுக்கும் நான் என்றும் கடமைப்பட்டவன்.

அன்று சாலையோரம் அக்கா வண்டியை விட்டு இறங்கினார். பிறகு சொன்னார்: "எனக்குத்தான்டா பயம். நீ தப்பாச் சொன்னா மறுபடி சிரிப்பாங்களேன்னு."

வீட்டுக்குத் திரும்பினோம். மறுநாள் காலை என்னைத் தன் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார். மேற்பார்வையாளர் மலாய் மொழியில் என் பெயரைக் கேட்டார். அக்காவின் உதடு அசைந்தது. சட்டென்று திரும்பி வெளியே போய்விட்டார். என் பெயரை நானே சொன்னேன். மேற்பார்வையாளருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். என்ன வேலை தெரியும் என்றார். ஒன்றும் தெரியாது, செய்வேன் என்றேன்.

அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை. அப்போதே தொடங்கச் சொன்னார்கள்.