மிதுனத்தில் ஒரு புள்ளி

ஒன்பதாவது படக் கண்ணாடியை லாந்தரில் செருகியதும், "எண்ணெய் தீந்துபோச்சு, எழுந்திரிங்க" என்று ஒருவர் துண்டை உதறினார். ஊர் ஊராக மாஜிக் லாந்தர் தூக்கிப்போய், திரையில் கிரகங்களைக் காட்டிப் பிழைத்தவர்களுக்குத் தெரியும்: சனியின் வளையத்துக்குக் கை தட்டுவார்கள், புளூட்டோவுக்குச் செருப்பைத் தேடுவார்கள்.

இருட்டு

அது கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரம். யுத்த காலம்; கடலோர ஊர் என்பதால் விமானக் குண்டுக்குப் பயந்து வெளியே விளக்குகளுக்கெல்லாம் கறுப்புக் காகிதம். உள்ளே திரையும் கறுப்பு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. "இதுதாங்க படம்" என்றேன். அங்கிருந்து பார்த்தால் சூரியனே ஒரு கூரான ஒளிப்புள்ளிதான், பகலிலும் உறைபனி விடாது என்றேன். பூமியளவு இருக்கும் என்று புத்தகத்தில் கண்டதையும் சொன்னேன். நிலவைவிடச் சிறியது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

முன்வரிசையில் இருந்த கருவாட்டு வியாபாரி எழுந்திருக்காமல் கேட்டார்: "யாருமே இல்லாத எடத்துக்கு எதுக்குங்க பேரு? பேரு வெச்சா யாராவது வந்துடுவாங்க."

தூசி

சிதம்பரத்தில் ஒருநாள் திரையில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. ஒருவர் பெரிய புள்ளியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெரியது தூசி. வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தேன்; மறைந்தது.

அவர் மெதுவாகச் சொன்னார்: "இவ்ளோ சுலபமா தொடச்சிட்டீங்க. நம்மள எவன் எங்கேருந்து பாத்துக்கிட்டிருக்கானோ."

ஜாதகம்

அதே ஊரில், புளூட்டோ என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்டார். செத்தவர்களின் உலகத்தை ஆளும் ஒரு மேனாட்டுத் தெய்வம் என்று சொல்லித் தொலைத்தேன். கேட்டுக்கொண்டிருந்த ஜோசியர் மறுநாளே அதை எமன் என்று ஜாதகங்களில் சேர்த்துவிட்டார்.

கீழ வீதி ஜவுளிக்கடை கோவிந்தசாமி என்னைத் தேடி வந்தார். "தம்பி, எம் பொண்ணு ஜாதகத்துல எமன் மிதுனத்துல குந்தியிருக்கானாம். மாப்பிள்ளை வீட்டுல தட்டு மாத்தமாட்டேங்கறாங்க. கெளப்பிவிட்டது நீங்க, நீங்களே வந்து அடக்குங்க."

அவரோடு அவர் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் அப்பா ரத்தினம், காட்டுமன்னார்கோயிலில் அரிசி மில் வைத்திருப்பவர், வெற்றிலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

"அது நகர்றதே தெரியாதுங்க" என்றேன். "ஒரு சுத்து சுத்தி வர இருநூத்தம்பது வருஷம் கிட்ட ஆவும். ஒரே ராசியில இருபது வருஷத்துக்கு மேல கெடக்கும். பொண்ணுக்கு மிதுனம்னா ஒங்க பையனுக்கும் மிதுனம்தான். எனக்கும் அதான். இந்த வயசுக்காரங்க எல்லாருக்கும் அதான்."

ரத்தினம் சிரித்துவிட்டார். "ஊருக்கே ஒரே தோஷமா? அப்ப யார் யாரைத் தள்றது? சம்பந்தி, தட்டை எடுங்க."

தட்டு மாறியது. கோவிந்தசாமி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். ரத்தினத்தின் மனைவி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய மூத்த மகன் பட்டாளத்தோடு பர்மாப் பக்கம் போனவன். சேதி நின்று வெகுநாளாகிறது என்று வரும் வழியிலேயே கோவிந்தசாமி சொல்லியிருந்தார்.

குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "எங்க பெரியவனுக்கும் ஒங்க வயசுதான் தம்பி. அவங்கூட கப்பலேறுன பசங்களுக்கும் அதான். எல்லாருக்கும் எமன் அங்கதானா?"

அன்று சாயங்காலக் காட்சியை எட்டாவது கண்ணாடியோடு முடித்து விளக்கை அணைத்தேன். ஒன்று குறைகிறதே என்று யாரும் கேட்கவில்லை.