நகுலேஸ்வரனின் அரிதட்டு

புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கை காய்ப்பேறிப்போனது, அதற்குச் சூடும் தெரியாது குளிரும் தெரியாது என்பது நகுலேஸ்வரனின் வாதம். காலையில் பல் துலக்கிய கையோடு, வீட்டைச் சூடாக்கும் ஒன்பது ரேடியேற்றர்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவார். காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல முதலில் மேலே, பிறகு அடியில். மேலே சூடாகவும் அடியில் குளிராகவும் இருந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. "அடியிலை ஊத்தை படிஞ்சிட்டுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிலவறைக்கு இறங்கிவிடுவார்.

பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசுகிற அந்த நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில், அந்த வீட்டு நிலவறையில், பொயிலருக்கு அடுத்த அறையில், அவர் தனியாக இருக்கிறார். மேலே யோகேந்திரனும் மனைவி பாலாம்பிகையும். வீட்டுக்காரர் ஒரு கிரேக்கர். மார்கழி பிறந்ததும் தன் ஊருக்குப் போய்விடுவார். போகும்போது பொயிலர் அறைப் பூட்டின் திறப்பை நகுலேஸ்வரனிடம் கொடுத்துவிட்டுப் போவார். எட்ட நின்று ஒரு கண் வைத்துக்கொண்டால் போதும் என்றுதான் நினைத்திருப்பார். நம்மவர் எட்ட நிற்கிற ஆள் இல்லை.

பொயிலரில் எண்ணெய் எரிந்து தண்ணீர் சூடாகிறது. பம்ப் அதை வீடெங்கும் சுற்றவிடுகிறது. பழைய இரும்புக் குழாய்கள் துருவேறிக் கரைந்து, கறுப்புச் சேறாகி, அந்தத் தண்ணீரோடு தாங்களும் சுற்றுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பொயிலரின் அடியிலுள்ள குழாயைத் திறந்து ஒரு வாளி பிடிப்பார். இடுப்பில் கட்டிப் பழசான சாரத் துண்டில் வடித்து, மிஞ்சிய சேற்றை ஜாம் போத்தலில் அடைத்து, திகதி எழுதி ஒட்டி, யன்னலில் வரிசையாக வைப்பார். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று அவரிடம் உண்டு. அதைப் போத்தலின் பக்கத்தில் பிடித்தால் சேறு கண்ணாடி வழியே மெல்ல ஏறி வரும். "உதென்ன அண்ணை, ஊறுகாய் போடுறியளோ?" என்று பாலாம்பிகை கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. "போன கிழமையை விடக் கறுப்பு, பாத்தியே?" என்றார்.

பொயிலர் ஒன்றுக்குத்தான் பயம் என்று நினைத்துவிடக் கூடாது. தபால்காரர் படியேறினால் பயம். தெருவில் வாகனம் நின்றுவிட்டு உடனே கிளம்பாவிட்டால் பயம். அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை என்பதால், வரும் கடிதத்துக்கும் பயம், வராத கடிதத்துக்கும் பயம். எண்பத்து நாலில் யாழ்ப்பாணத்தில் இரண்டு சீருடைக்காரர்கள் அவர் வேலை செய்த சங்கக் கடைக்கு வந்து, சின்ன விசாரணை, கையெழுத்து வைத்துவிட்டு வரலாம் என்று கூட்டிப் போனார்கள். உடுத்த உடுப்போடு போனவர் ஏழு மாதம் கழித்துத்தான் வீடு வந்தார். அந்த ஏழு மாதத்தைப் பற்றி அவர் கதைப்பதில்லை. "மாத்துச் சாரம் ஒண்டு கொண்டு போயிருக்கலாம்" என்று மட்டும் எப்போதாவது சொல்வார்.

போன தை மாதம் வடிகட்டி ஓட்டையாகிவிட்டது. தண்ணீர் பம்புக்குப் போகும் வழியில் ஒரு பித்தளைக் கூடு. அதற்குள் உட்கார்ந்து சேற்றைப் பிடிக்கும் கம்பிவலைதான் வடிகட்டி. அதை அவர் அரிதட்டு என்பார். புதியது வாங்கப் போன இரும்புக் கடையில் கடைக்காரர் மூன்று வலைகளை எடுத்துப் போட்டு, நடுவில் உள்ளதைத் தட்டிக் காட்டினார். நகுலேஸ்வரன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதல் வலையினூடாகக் கடைக்காரரின் மீசை தெரிந்தது, இரண்டாவதில் ஆள் மட்டும் தெரிந்தார், மூன்றாவதில் ஒன்றும் தெரியவில்லை. பதினெட்டு வருடம் சங்கக் கடையில் கோதுமை மா அரித்து விற்றவர். கண் சின்னதாக இருந்தால்தான் நல்ல அரிதட்டு என்பது அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய விஷயமா? மூன்றாவதை எடுத்துக்கொண்டார். "ஒரு தூசும் தப்பப்படாது" என்று பாலாம்பிகையிடம் பெருமையாகச் சொன்னார். கூட்டின் மூடியையும் தன் பலம் முழுவதையும் போட்டு இறுக்கினார்.

நாலாம் நாள் வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தெட்டு. காலையில் தொட்டார், ஒன்பதும் குளிர்ந்து கிடந்தன. நிலவறையில் பம்ப் மட்டும் வீணாக முனகிக்கொண்டிருந்தது. பொயிலர் தானாக அணைந்திருந்தது. வலை அடைத்துவிட்டது என்று அந்த முனகலிலேயே தெரிந்தது. மூடியைக் கழற்றப் போனால் அசையவில்லை. இறுக்கியவரும் அவரேதானே. யோகேந்திரன் நகரத்தின் மறுபக்கம், செயின்ட் லோரன்டில் வேலையில். மேலே பாலாம்பிகை சூட்டுக்காக ரொட்டி சுடும் அவணை எரியவிட்டு, அதன் கதவைத் திறந்து, பிறந்து பதினொரு நாளான தன் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு அதன் முன்னால் இருந்தாள். கண்ணாடியில் உள்பக்கமாகப் பனி பிடித்திருந்தது.

"அண்ணை, பிள்ளையின்ரை கால் ஐஸாக் கிடக்கு."

பொயிலரில் திருத்துகிறவர்களின் தொலைபேசி இலக்கம் ஒட்டியிருந்தது. கூப்பிட்டால் ஆள் வரும். வந்தால் யார் இதில் கை வைத்தது என்று கேட்கும். பெயர் கேட்கும், எழுதிக்கொள்ளும், எழுதினது எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? அடுத்தவன் வீட்டுப் பொயிலரைக் கெடுத்த அகதி! நகுலேஸ்வரன் மேலே போனார். குழந்தையின் கம்பளியை விலக்கி, புறங்கையால் அந்தப் பாதத்தைத் தொட்டார். பிறகு போய் இலக்கத்தைச் சுழற்றினார். இரண்டு வருடமாக எந்த அந்நியருக்கும் சொல்லாத தன் முழுப் பெயரை ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

ஆள் வருவதற்குள் பையை அடுக்கினார். இரண்டு சாரம், சவர்க்காரம், துவாய், திருநீற்றுப் பொட்டலம், பிளாஸ்டிக் உறையில் வழக்குக் கடிதங்கள். சப்பாத்தும் கோட்டும் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, கிழமைக்கு ஒரு வாளி தண்ணி திறந்து விடவேணும் எண்டு யோகேந்திரனட்டைச் சொல்லு. மறந்திடாதை."

"நீங்கள் எங்கை போறியள் அண்ணை?"

"பேந்து தெரியும்."

வந்தவர் நெட்டையான மனிதர். நீலச் சீருடை, தொப்பி, நெஞ்சில் தைத்த பெயர். நீண்ட குறடு ஒன்றால் மூடியை ஒரே உந்தில் கழற்றினார். வலை வெளியே வந்தது. எள்ளுமா அப்பினாற்போல அதன் மேல் ஒரே கறுப்பு. விரலால் வழித்துப் பார்த்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லி, நகுலேஸ்வரனின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். வலை மிகவும் நுண்மையானது, கொஞ்ச ஊத்தையைப் போகவிட்டால்தான் தண்ணீர் ஓடும் என்றார். யார் போட்டது என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் நகுலேஸ்வரன், ஆங்கிலத்தில்.

அந்த மனிதர் தலையாட்டிவிட்டு வெளியே நின்ற தன் வான் வண்டிக்குப் போனார். யாருக்கோ அறிவிக்கத்தான் போகிறார் என்று நகுலேஸ்வரன் சுவரோடு சாய்ந்தார். அவர் திரும்பி வந்தது கண் பெரிய வலை ஒன்றோடு. மாட்டி, காற்றை வெளியேற்றி, பொயிலரை மூட்டினார். குழாய்களுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் மேலேயிருந்து பாலாம்பிகையின் குரல்: "அண்ணை, சூடு வருது! வருது!"

அந்த மனிதர் தாள் ஒன்றை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். நகுலேஸ்வரன் வைத்தார். கையெழுத்து முடிந்தால் அடுத்தது என்ன என்பது அவருக்குத் தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு, குறடுப் பெட்டியோடு படியேறிய அந்த மனிதரின் பின்னால் தானும் ஏறினார். பனியைக் கடந்து, வானின் பின்கதவடியில் போய், தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பியவர் கோட்டும் பையுமாக நிற்பவரை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு விளங்கிவிட்டதுபோலச் சிரித்து, முன்கதவைத் திறந்து, இருக்கையில் கிடந்த கையுறைகளை அள்ளி அப்பால் போட்டார்.

"மெட்ரோ ரெயிலுக்கா? ஏறுங்கோ, அந்தப் பக்கம்தான் போறன்" என்றார் ஆங்கிலத்தில்.

நகுலேஸ்வரன் திறந்திருந்த கதவைப் பார்த்தார். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். பிறகு மாத்துச் சாரம் இருந்த அந்தப் பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.