சோழ ராஜாவின் மேலங்கி

பழங்கால உடைகளைப் பொழுதுபோக்காகத் தைக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், வரலாற்றுப் பிழை பிடிக்கும் போலீஸ் வேலை பார்த்தவன் நான்தான். ஓர் உறுப்பினர் பல்லவர் கால உடையில் ஜிப் வைத்துவிட்டார் என்று ஒரு வாரம் அவரைக் காய்ச்சி எடுத்தேன்.

அடுத்து நான் சோழ ராஜா மேலங்கியில் இறங்கினேன். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறி இறங்கிச் சரிகைக் கரை வாங்கினேன். சோழர் காலத்தில் தையல் மெஷின் ஏது? பாசிர் ரிஸ் வீட்டில் மூன்று மாதம் கையாலேயே தைத்தேன்.

சமூக மன்றத்தில் எங்கள் கண்காட்சிக்கு அதை அணிந்து போனேன். பார்க்க வந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர், இங்கே கட்டுமான வேலை செய்பவர், என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"தையல் பிரமாதம்ணே. ஆனா எங்க ஊர்க் கோயில் சிலைல எந்த ராஜாவும் சட்டையே போட்டிருக்க மாட்டாரே."

ஜிப் வைத்தவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "அப்போ கழட்டிடுங்க லா" என்றார், வெகு பணிவாக.

என் தொப்பையை நினைத்து, கழற்றவில்லை.

அன்று மாலையே குழுவில் புது விதி வந்தது: அடுத்தவர் உடையில் யாரும் வரலாற்றுப் பிழை சொல்லக் கூடாது. தைத்தவர் மனம் புண்படும் என்று காரணத்தையும் நானே எழுதினேன்.