கணவாயின் மிச்சம் இரண்டு கைகள்

நாகலெட்சுமி கடலைப் பார்த்ததில்லை. இலங்கை மலையகத்தில் றொசல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, ரயிலேறி அட்டனுக்குப் படிக்கப் போனவளுக்குக் கடல் எங்கே வரும்? ஆனாலும் 1961-இல் அந்தத் தோட்டத்தில் கடல் பிராணிகள் எப்படி இரை பிடிக்கின்றன என்று சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கேட்கத்தான் ஆளில்லை.

விலங்கியல் படிப்பித்த சிவனேஸ்வரி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரி, கெட்டிக்காரி. அவர் சொல்லித்தந்த பாடம் இது: கடற்சாமந்தியின் வாயைச் சுற்றியுள்ள கைகள் அதன் உடற்சுவரே நீண்டு வந்தவை. கடலட்டைக்கோ, ஊர்ந்து போகிற குழாய்க்கால்களில் சில வாய்ப்பக்கம் போய்க் கைகளாகிவிட்டன. கணவாயின் கைகளோ நத்தை ஊர்கிற பாதத்துக்கு உறவு, அதே உறுப்பிலிருந்து வந்தவை. செய்கிற வேலை ஒன்று, வந்த வழி வேறு வேறு. இதெல்லாம் நாகலெட்சுமிக்குத் தண்ணீர்பட்ட பாடு. பசி வந்தால் காலும் கையாகும் என்பதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

பள்ளிக்கூடத்தில் பார்த்துப் படிக்கப் பிராணிகள் கிடையாது. அட்டன் கடைவீதியில் கணவாய்க் கருவாடு வாங்கி ஊறவைத்துத்தான் பாடம் நடந்தது. டீச்சரோ சுத்த சைவம். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பென்சில் நுனியால் கைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவார். எட்டு இருக்கும். இரையைப் பாய்ந்து பிடிக்கிற நீண்ட இரண்டு கைகள் புத்தகத்தில் இருந்தன, கருவாட்டில் இல்லை.

“அது காயப்போடேக்கை முறிஞ்சு போயிருக்கும் பிள்ளை. இருக்கிறதை வச்சுக்கொண்டு படி” என்றார் டீச்சர்.

டீச்சர் தொடாததை மாணவிகள் தொடுவார்களா? அவர்களும் பென்சிலாலேயே எண்ணினார்கள்.

நாகலெட்சுமியின் அம்மா காளியாயி கொழுந்து பறிப்பவள். அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள்: “பாஸ் பண்ணினா கொழும்புக்குப் போய்ப் படி. இல்லாட்டி தோட்டத்து வேலைக்குப் பேரு பதிஞ்சு எங்கூட மலைக்கு வந்துரு.” வேலைக்கு ஆள் பதிகிற கணக்கப்பிள்ளையிடமும் ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தாள்.

பல்கலைக்கழகப் புகுமுகத்துக்கான செய்முறைப் பரீட்சை கொழும்பில் நடந்தது. தட்டில் அன்று பிடித்த கணவாய். நாகலெட்சுமி பென்சிலால் தள்ளி எண்ணினாள். எட்டு. எட்டையும் அழகாக வரைந்து, “நீண்ட கைகள் இரண்டும் முறிந்துவிட்டன” என்று பக்கத்தில் எழுதினாள். அட்டன் பழக்கம்.

விடைத்தாளை வாங்கிய பரீட்சகர் அந்த வரியைப் படித்தார். இடுக்கியை எடுத்துக் கணவாயின் கண்ணுக்குக் கீழே விட்டு இழுத்தார். அங்கே பை மாதிரி இருந்த குழியிலிருந்து ஒரு கை நீளமாக வந்துகொண்டே இருந்தது. மற்றப் பக்கத்திலும் ஒன்று. நாகலெட்சுமிக்கு அவமானத்தில் காது சுட்டது.

பரீட்சையில் அவள் தேறவில்லை. ஒரு கணவாயால் மட்டும் தோற்றாளா என்பது யாருக்கும் தெரியாது. அவள் அப்படித்தான் நம்பினாள்.

முடிவு தெரிந்த அன்று அட்டன் கடைவீதியில் ஒரு கணவாய்க் கருவாடு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஊறவைத்து, கண்ணுக்குக் கீழே விரலைவிட்டுத் துழாவினாள். மடங்கிக் காய்ந்துபோய் இரண்டு கைகளும் உள்ளேயே இருந்தன. எப்போதும் அங்கேதான் இருந்திருக்கின்றன. அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அழுதுவிட்டாள்.

வேலை முடிந்து வந்த காளியாயி சட்டியையும் மகளையும் பார்த்தாள். “என்னாடி, கருவாட்டுக்கு ஒப்பாரி வைக்கிற?”

நாகலெட்சுமி நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“ரெண்டு வருசமா ஒருத்தி கூடவா உள்ள கைய விட்டுப் பாக்கல?”

“பென்சிலாலதாம்மா தொட்டோம்.”

“நல்லா படிச்சீங்க போ.” காளியாயி கூடையை இறக்கி வைத்தாள். “அந்தப் பரீட்சைய மறுக்கா எழுத விடுவாங்களா?”

“இன்னொரு தடவை எழுதலாம்.”

காளியாயி சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். கருவாட்டை அலசிக் குழம்பு வைத்தாள். விடிந்ததும் வேலைக்கு அழைக்கிற தப்புச் சத்தம் கேட்டு, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கிளம்பினாள். நாகலெட்சுமியும் எழுந்து கூடையை எடுத்தாள்.

“அத வையி. கணக்கப்பிள்ளைக்கு நான் சொல்லிக்கிறேன்” என்றாள் காளியாயி. அன்றைக்குப் பேர் பதிய யாரும் வரவில்லை.