குக்கரில் வைத்த கடப்பாக்கல்

என் மகளின் அறிவியல் புத்தகத்தில் பாறைகள் பாடம் வந்துவிட்டது. என் கதையை அவளிடம் சொல்லலாமா என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். சொன்னால் குக்கரைத் திறந்து பார்க்காமல் அடுப்பில் வைக்கவே முடியாது.

அப்போது எனக்கும் அவள் வயதுதான்; நாங்கள் ஆவடி சேக்காட்டில் இருந்தோம். வகுப்புக்கு மூன்று வகைப் பாறைகள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பூமிக்குள் உருகிய குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. அதற்கு எதிர்வீட்டில் மிஞ்சிய கிரானைட் துண்டு கிடைத்தது. அடுக்கடுக்காகப் படிந்து இறுகினால் படிவுப் பாறை. அதற்குச் சமையலறை அலமாரியில் உடைந்த கடப்பாக்கல். மூன்றாவதான உருமாறிய பாறைதான் இல்லை. சுண்ணாம்புப் பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் சலவைக்கல்லாக உருமாறும் என்று புத்தகம் சொன்னது. கடப்பாக்கல்லும் சுண்ணாம்புப் பாறைதான். வெப்பமும் அழுத்தமும் எங்கள் வீட்டிலேயே இருந்தன.

அன்று அத்தையைப் பெண் பார்க்க வேப்பம்பட்டிலிருந்து வந்திருந்தார்கள். முன்பு வந்தவர்கள் யாரும் பதில் சொல்லி அனுப்பவில்லை. இதுவும் அப்படியே போனால் இனி யார் முன்னாலும் தட்டோடு நிற்க மாட்டேன் என்று அத்தை சொல்லியிருந்தாள். போண்டாவுக்காகக் குக்கரில் வைத்த உருளைக்கிழங்குக்கு அடியில் நான் கடப்பாக்கல் துண்டைச் செருகினேன். விசில் அடைத்திருந்தால் குக்கரே வெடித்திருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கூடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. குக்கர் கடகடவென்று ஆடியது.

“இன்னாங்க, உள்ள ரயிலு ஓடுதா?” என்றார் மாப்பிள்ளை. அவருடைய அம்மா சிரிக்கவில்லை.

ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்த அத்தை, “அண்ணி, கெழங்குல கல்லு கீது” என்றாள். அது கூடம் வரை கேட்டது. அம்மா என் காதைப் பிடித்தார்.

“எடுக்காத அத்தை, இன்னும் உருமாறல” என்று அழுதேன்.

மாப்பிள்ளை எழுந்து வந்து முழுப் பாடத்தையும் கேட்டார். அம்பத்தூரில் இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறையில் அவருக்கு வேலை. “இந்தச் சூடு பத்தாது கண்ணு. எங்க கம்பெனில பெரிய ஒல கீது. குடு, வெச்சு எடுத்தாறேன்.” அத்தை முந்தானையால் கல்லைப் பிடித்து அவரிடம் நீட்டினாள். இருவருக்கும் விரல் சுட்டது. தட்டோடு நிற்பதை எல்லோரும் மறந்துபோனார்கள்.

மறுநாள் மாலை வெள்ளைவெளேர் என்ற சலவைக்கல்லோடு வந்தார். அதன் ஒரு பக்கம் வழவழவென்று மெஷினில் அறுத்ததுபோல் இருந்தது. டீச்சர் அதைத் தடவிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். அம்பத்தூர் உலை என்றேன். முழு மதிப்பெண்.

அடுத்த வாரம், கல் எப்படி இருக்கிறது என்று பார்க்க மாப்பிள்ளை வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். கல்லின் மேல் இத்தனை அக்கறையுள்ள மனிதரை நான் பார்த்ததே இல்லை. அத்தையும் உலையைப் பற்றி ஓயாமல் கேட்டாள். இருவருக்கும் நடுவில் நின்று படிவுப் பாறையைப் பற்றி விளக்கிக்கொண்டே இருந்தேன். அம்மா ஏன் என்னை உள்ளே வா, உள்ளே வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார் என்பதுதான் விளங்கவில்லை.