அவர் கேட்ட சின்ன வண்டி

அவளை எல்லாரும் சுண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் அவ்வளவு குள்ளம். வீட்டுக்காரரோ ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று இருப்பார். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். "ஏணிய எங்க கூட்டிட்டுப் போற சுண்டு?" என்று கேட்பார்கள். அவளும் விடமாட்டாள். "பரண்ல இருக்கறத எடுக்க எனக்குன்னு ஒண்ணு வேணாமா?" என்பாள்.

கல் உடைக்கிற ஆலையில் இருவரும் இளமையைத் தொலைத்து வாங்கியது அவர்களுடைய நிலம். அங்கே அவர் பாறையில் துளை போட்டார். அவள் ஜல்லி அள்ளினாள். நிலத்தின் மேல்பாதி சரிவு, அதில் எலுமிச்சை மரங்கள். கீழே ஓடையை ஒட்டிக் கரிசல் மண், அதில் மக்காச்சோளம். வாங்கியபோது கீழ்வயல் முழுக்க முள்ளும் கல்லுமாகக் கிடந்தது. அத்தனை கல்லையும் பொறுக்கி ஓரத்தில் குவித்தது அவள் கைதான். அதனால் அந்த வயலைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைவாகச் சொன்னாலும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பழைய டிராக்டரின் என்ஜின் வெடிப்பு விட்டு, இனித் தேறாது என்று மெக்கானிக் கைவிரித்தார். அதே மாதம் மருத்துவரும் கைவிரித்தார். ஆலைத் தூசு வீட்டுக்காரரின் நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது என்றார். "மருந்து இருமலைக் கொஞ்சம் அடக்கும். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க" என்றார். திரும்பி வரும்போது பேருந்தில் இருவரும் எலுமிச்சைக்கு உரம் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். அதற்குப் பிறகும் வீட்டில் நோயைப் பற்றிய பேச்சு வரவில்லை. வரவிடாமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

டிராக்டர் வாங்கக் கடைக்குப் போனபோது அவரால் படியேறவே முடியவில்லை. பாதியில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல மூச்சு வாங்கினார். உள்ளே சிவப்பும் நீலமுமாக வண்டிகள் வரிசையாக நின்றன. விற்பனைக்காரர், சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தவர், நல்லபடியாகத்தான் கேட்டார். எவ்வளவு நிலம், என்ன மண், மேடு பள்ளம் எப்படி, மரங்களுக்கு நடுவே எவ்வளவு இடம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியாக, "யார் ஓட்டுவாங்க?" என்றார்.

வீட்டுக்காரர் பெரிய வண்டிகளைத் தாண்டி நடந்தார். மூலையில், தோப்பு வேலைக்கென்று செய்த சின்ன வண்டி ஒன்று நின்றது. அதன் இருக்கையைக் கையால் தட்டினார்.

"இதுல ஏறி உக்காரு."

"நானா? எனக்கு எதுக்குங்க?"

"உக்காரேன். கிளட்ச் எட்டுதான்னு பாப்போம்."

விற்பனைக்காரர் தயங்கினார். "ஐயா, இது எலுமிச்சைக்குச் சரிதான். கரிசலுக்குத் தாங்காதுங்க. மழை பெஞ்சா புதையும், காஞ்சா கலப்பை இறங்காது. உங்க கீழ்வயலுக்கு ஒன்பது கொத்துக் கலப்பை இழுக்கிற வண்டி வேணும்."

"கீழ்வயல விட்டுடலாம்" என்றார் அவர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "யாருக்காவது குத்தகைக்குக் குடுத்துடலாம். மேல இருக்கறது போதும்."

அவளுக்கு உச்சந்தலைக்கு ரத்தம் ஏறியது. வயலை விடுவதா? ஆனால் வயல் மட்டும் இல்லை. அந்தச் சின்ன இருக்கையில் அவள் ஏறி உட்கார்ந்தால், அவர் இல்லாத ஒரு நாளை அவளே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அது அவளுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது.

"நான் எதுக்குக் கிளட்ச மிதிக்கணும்?" என்றாள், கடையே திரும்பிப் பார்க்கிற குரலில். "நீங்கதானே ஓட்டப் போறீங்க? உங்க காலுக்கு எட்டுதான்னு பாருங்க. சார், அந்தப் பெருசையே எழுதுங்க."

அவர் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது. விடாமல் இருமி, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி, அவ சொல்றபடியே எழுதுங்க" என்றார்.

பெரிய வண்டி வந்து இறங்கியது. கீழ்வயலை அவர்தான் உழுதார். ஒவ்வொரு சுற்றுக்கும் வயல் ஓரத்தில் நிறுத்தி, ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கிடப்பார். களை பிடுங்குகிற சாக்கில் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாலு பேர் வண்டியைப் பார்த்துவிட்டுப் பொறாமையோடு பேசியபோது, பார்த்தீர்களா என்பதுபோல அவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

ஒரு நாள் அவர் கொட்டகையில் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால், கிளட்ச் மிதியின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். கட்டையில் கால் வழுக்காமலிருக்க டயர்த் துண்டு ஒட்டியிருந்தார்.

"இப்ப வந்து உக்காரு. எட்டும்" என்றார்.

அவள் வந்த வழியே திரும்பிப் போனாள். அவர் தூங்கியபிறகு ஸ்பேனரை எடுத்துப் போய் போல்ட்டைக் கழற்றினாள். கட்டையை அடுப்பில் வைத்து அதிலேயே வெந்நீர் போட்டாள். அவர் மறுநாள் வெறும் மிதியைப் பார்த்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் பிறகு அவளை அரித்தது. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மக்காச்சோளம் கதிர் விடும் முன்பே அவர் போய்விட்டார்.

அதன்பின் கூலிக்கு டிரைவர் வைத்தாள். அவன் வேறு நாலு இடத்தில் வேலையை முடித்துவிட்டு, மழை வந்து மண் குழைந்தபிறகு வருவான். எலுமிச்சை மரங்களுக்கு நடுவே அந்த ஆனையை நுழைத்து, காய் பிடித்த கிளைகளை ஒடித்துவிட்டுப் போவான். கேட்டால், "வண்டி பெருசும்மா, நான் என்ன பண்றது?" என்பான். அவன் சொன்னதில் பொய் இல்லை.

ஒரு கட்டத்தில் அவன் வருவதையே நிறுத்திக்கொண்டான். பறித்த காய் மூட்டை மூட்டையாக மரத்தடியில் வெயிலில் வாடியது. மேட்டின் உச்சியில் இருக்கும் சாலைக்கு அதைக் கொண்டுபோயாக வேண்டும். அவளே ஏறினாள். ஓட்டுகிற விதம் தெரியும். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்ததுதான். கால்தான் எட்டவில்லை. விறகிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, சைக்கிள் டியூபால் மிதியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். கீழே சமதரையில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தாள். தாங்கியது.

மூட்டைகளை ஏற்றிய டிரெய்லர் பெட்டியை இழுத்துக்கொண்டு பாதி மேடு ஏறியபோது என்ஜின் திணறியது. கியரைக் குறைக்க, இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து கட்டையை அழுத்தினாள். டியூப் நெகிழ்ந்து கட்டை உருண்டது. கியர் கடகடவென்று பல்லைக் கடித்துவிட்டு எதிலும் விழாமல் நின்றது. வண்டி பின்னால் இறங்க ஆரம்பித்தது. பிரேக்கை மிதிக்க எழுந்து நின்றாள்; பெட்டி ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு வண்டியை இழுத்தது. அது அவளைத் தூக்கிக் கீழே போட்டது. பின்சக்கரம் அவளுடைய இடது பாதத்தின் மேல் ஏறி இறங்க, வண்டி போய் ஒரு மரத்தில் முட்டி நின்றது.

காய் பறிக்க வந்திருந்த பெண்கள்தான் ஓடிவந்து தூக்கினார்கள். எலுமிச்சை சரிவு முழுக்க உருண்டோடிக்கொண்டிருந்தது.

பாதத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் கணுக்கால் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். நகரத்தில் தையல் ஆலையில் வேலை செய்கிற மகள் லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தாள். கட்டுப் பிரித்த அன்று, "எல்லாத்தையும் வித்துட்டு என்கூட வந்துடும்மா" என்றாள்.

"வந்து? உன் ஒத்த ரூம்ல உக்காந்து சுவத்தப் பாக்கவா?"

"அந்த வண்டி உனக்கு ஆகாதுன்னு அப்பாவுக்குத் தெரியாதா? எதுக்கும்மா அதப் போய் வாங்கினாரு?"

சுண்டு கால்மாட்டில் கிடந்த கட்டுத் துணியைச் சுருட்டினாள். "அவரு வாங்கல. நான் வாங்க வெச்சேன்" என்றாள்.

கைத்தடியோடு அதே கடைக்குப் போனாள். விற்பனைக்காரருக்கு அடையாளம் தெரிந்தது. ஐயா வரலையா என்று கேட்க வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. நேராக மூலைக்குப் போனாள். அன்று நின்ற வண்டி விற்றுப்போயிருந்தது. அதே போல இன்னொன்று நின்றது. மகள் கைகொடுக்க ஏறி உட்கார்ந்தாள். விறைத்த காலின் குதிகாலால் கிளட்சை மிதித்தாள். அடிவரைக்கும் போனது. மறுபடி மிதித்தாள். போனது.

"இவ்வளவுதானா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். அவர் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு அறை விட்டாவது உட்கார வைத்திருக்கக் கூடாதா அந்த மனுஷன்? விற்பனைக்காரர் திரும்பி நின்றுகொண்டார். மகள் தோளைப் பிடித்தாள். அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டு, அந்தச் சின்ன இருக்கையில் உட்கார்ந்தபடியே சுண்டு அழுதாள். அவர் போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

பெரியதைக் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். மகள் வேலைக்குத் திரும்பினாள். கீழ்வயலைப் பக்கத்து நிலத்துக்காரர் குத்தகைக்கு எடுத்தார். பேசி முடித்துவிட்டுப் போகும்போது, "நம்ம ரெண்டு நிலத்துக்கும் நடுவுல இருக்கற வரப்ப எடுத்துடட்டுமா? வண்டி திரும்பத் தோதா இருக்கும்" என்று கேட்டார்.

"எடுத்துக்குங்க."

அவர்கள் வரப்பை வெட்டிய அன்று அவள் எலுமிச்சை மரங்களுக்கு நடுவே உழுதுகொண்டிருந்தாள். உழவுச் சால் கோணலும் மாணலுமாகத்தான் வந்தது. கிளைகள் தோளில் உரசின, ஒன்றும் ஒடியவில்லை. கீழே மண்வெட்டிச் சத்தம் கேட்டது. இரண்டு நிலமும் ஒன்றாகிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டுப் பார்க்கலாம்தான். நிறுத்தினால் கிளட்சை மிதிக்க வேண்டும். கணுக்கால் காலையிலிருந்தே வீங்கிப்போய் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அவள் வரிசையின் கடைசிவரை அப்படியே ஓட்டிக்கொண்டு போனாள்.